பேப்பர் கப் கிடையாது

டீக்கடைக்காரியிடம் டீ மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பவர்கள் குறைவு. அதை எப்படிப் போடுவது என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் நிற்பார்கள். பால் தூக்கலாக, தண்ணி கம்மியாக, சர்க்கரை தூவினாற்போல, நுரை வேண்டாம், ஆறவும் கூடாது, வாய் வெந்துவிடவும் கூடாது. கடை நடத்துகிறவர் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலை தானாக ஆடியிருக்கும். மளிகைக் கடையோ தையல் கடையோ, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாமெல்லாம் ஒரே ஜாதி. அந்த ஒரு ஜாதியை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் பெயர் கௌதமி. கடை தங்க வயல் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே, ஒரு நீளமான கட்டடத்தின் கோடி அறையில் இருந்தது. என் வீட்டுக்காரர் மோகன் பெங்களூரில் பெயின்டராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் அந்த வேலையும் போனது. இப்போது நான் டீ போடுகிறேன், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிளாஸ் கழுவுகிறார். எங்கள் சோறும் மகளின் நர்சிங் படிப்பும் இந்த டீயிலிருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசிய பேச்சைப் படித்துவிட்டு, வேறு வருமானம் இருக்கிற தைரியம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஹாரன் அடித்தால்

பெங்களூர் ரயில் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகிறது. விடியும் முன்பே ஆட்கள் வந்து, நிற்கிற பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் கர்ச்சீப்பைப் போட்டுவிட்டு, இறங்கி என் கடைக்கு வந்துவிடுவார்கள். கர்ச்சீப் கிடக்கிற சீட்டில் இன்னொருவர் உட்காருவதில்லை. அப்படி நிம்மதியாக வந்து நின்று டீயைக் கையில் வாங்கும்போதுதான் ஹாரன் அடிக்கும். கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடிக்க முடியாது, கொட்டவும் மனசு வராது. கிளாஸோடு ஓடுவார்கள். ரயிலில் குடித்துவிட்டு, கிளாஸைச் சாப்பாட்டுப் பையில் சொருகிக்கொண்டு பெங்களூர் வரை போய்விட்டு, சாயந்திரம் இறங்கும்போது என் கடை வாசலில் இருக்கிற டப்பில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எடுத்துப் போனார்கள் என்று நான் பார்ப்பதே இல்லை. பார்க்க ஆரம்பித்தால் டீ பொங்கிவிடும்.

திவ்யா என்று ஒரு பெண். ஒயிட்ஃபீல்டில் புது வேலை, அன்று முதல் நாள். ஹாரன் கேட்டதும் முழு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். அப்படியே எடுத்துக்கொண்டு ஓடு என்றேன். கிளாஸை எப்படித் திருப்பித் தருவது, நான் வர நேரமாகிவிட்டால் என்ன செய்வது என்று அந்த அவசரத்திலும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் நின்றவன் லோகு. எலக்ட்ரீஷியன், வருஷக்கணக்காக இந்த ரயிலிலேயே குடியிருக்கிறவன். அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்: "நம்ம ரயிலு இந்த ஊரத் தாண்டி எங்கியும் போவாதும்மா. நீ இன்னா லேட்டா வந்தாலும் கிளாஸ் இங்கதான் வந்து எறங்கணும்."

கலர்

ஒருநாள் டீத்தூள் விற்கிற ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். நான் வழக்கமாக ராபர்ட்சன்பேட்டையில் ஒரே கடையில் வாங்குகிறவள். நீலகிரித் தூளும் அஸ்ஸாம் தூளும் எனக்கென்று கலந்து தருவார்கள். இவர் தூள் அதில் பாதி விலைகூட இல்லை. ஒரு ஸ்பூன் போட்டால் இரண்டு ஸ்பூன் கலர் வரும் என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைதான் எனக்கு உறுத்தியது. ஒரு கிளாஸில் பச்சைத் தண்ணீர் பிடித்து, அவர் தூளை ஒரு சிட்டிகை தூவினேன். தூள் அடியில் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. நல்ல தூள் வெந்நீருக்குத்தான் மசியும், இப்படி அவசரப்படாது.

கடையில் நின்றவர்கள் கிளாஸைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இதை ஊரெல்லாம் வயிற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறதே, உங்கள் வீட்டில் இந்தத் தூளில்தான் டீ போடுகிறீர்களா என்று கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டே என்னைக் குறை சொன்னார்: "இன்னாக்கா நீங்க, டீத்தூள எந்த ஊர்ல பச்சத் தண்ணில போட்டுப் பாக்கறாங்க?"

சர்க்கரை இல்லாமல்

தங்கராஜண்ணன் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நெஞ்சில் தூசி, ரத்தத்தில் சர்க்கரை, வாயில் வம்பு என்று மூன்றும் ஏராளம். ஒருநாள் அவர் மனைவி பாக்கியம்மா கடைக்கு வந்து, டாக்டர் சொன்னதை என்னிடம் ஒப்பித்துவிட்டு, இவருக்குச் சர்க்கரை போட்டு டீ கொடுத்தால் உன் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்றார். போலீஸ் மிரட்டினால் பேசிப் பார்ப்பேன். பாக்கியம்மாவிடம் பேச்சு கிடையாது.

அண்ணன் வந்தார். சர்க்கரையில்லாத டீயை நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, பாதி ஸ்பூன், கால் ஸ்பூன், சர்க்கரை எடுத்த ஸ்பூனால் சும்மா ஒரு கலக்கு என்று இறங்கி இறங்கிப் பேரம் பேசினார். நான் மசியவில்லை. காலில் புண் வந்து ஆறாமல் கிடந்த ஆட்களை எங்கள் சுரங்க லைன் வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கிளாஸை ஆட்டி ஆட்டிப் பார்த்தவர், மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "சொரங்கத்துக் கேஜ்ல அவ்ளோ ஆழம் எறங்கினப்பகூட பயந்ததில்லம்மா. இந்த டீயப் பாத்தாதான் பயமா கீது."

தங்க வயலில் தேயிலை

அதே அண்ணன்தான். கோத்தகிரியில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது நாலைந்து தேயிலைக் கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். நம் ஊரும் குளிர்ந்த ஊர்தான், தங்கமே விளைந்த மண், தேயிலை விளையாதா என்பது அவர் கட்சி. தங்கம் பிரித்தபின் கொட்டின சயனைடு மேட்டுப் புழுதி காற்றில் வந்து விழுகிற மண்ணில், வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி நட்டார். என் கடையில் வடிகட்டிப் போடுகிற டீச் சக்கையை தினம் வாளியில் அள்ளிக்கொண்டு போய் உரமாகப் போட்டார். ஒரு கன்றைத் தவிர மற்றதெல்லாம் கருகிப்போனது. அந்த ஒன்று முழங்கால் உயரம் வந்தது.

ஒரு காலையில் கை நிறையப் பச்சைக் கொழுந்தைக் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்து, இதில் டீ போடு என்றார். அதை வாட வைக்க வேண்டும், உருட்ட வேண்டும், காய வைக்க வேண்டும் என்றேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் செய்கிற வேலை, நமக்குத் தோட்டத்திலிருந்து நேராகப் பாத்திரத்துக்கு என்றார். சரி, அண்ணன் ஆசையைக் கெடுப்பானேன் என்று கொதிக்க வைத்தேன். முருங்கைக்கீரை வெந்த மாதிரி ஒரு வாசனை எழுந்தது. பாலை ஊற்றியதும் என்ன நிறம் என்று சொல்லவே முடியாத ஒரு நிறம் வந்தது. லோகுவுக்கு முதல் கிளாஸ். குடித்தான், கிளாஸை முகர்ந்து பார்த்தான். "மாமா, இதுல ரெண்டு மொளகு தட்டிப் போட்டா சளிக்கு நல்லா கேக்கும்" என்றான்.

ஓனரின் டம்ளர்

இனிமேல் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

கட்டடக்காரரை எல்லோரும் ஓனர் என்றுதான் கூப்பிடுவோம். தினமும் காலையில் கூட்டம் ஓய்ந்தபின் வருவார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைக் கவுன்ட்டரில் வைப்பார், நான் டீயை ஊற்றுவேன். குடித்துவிட்டு டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். சுத்தம் பார்க்கிற மனிதர் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் டீத்தூள் வாங்க ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். அங்கே ஒரு கடை வாசலில், கடை கிளாஸில், ஊதி ஊதி டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை நானே பார்த்தேன். கழுவினபின் கிளாஸ் இன்னும் அழுக்காகத்தான் ஆகியிருக்கும். ஓனர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் முகத்தில் சூடு ஏறியது.

எங்கள் வீட்டில் புத்தர் படம் ஏன் மாட்டியிருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. என் அப்பாவின் ஆட்கள் ஆற்காட்டுப் பக்கத்து ஊரில் தனி கிளாஸில் டீ குடித்தவர்கள். கழுவி, கவிழ்த்து, கூரையில் சொருகிவிட்டு வர வேண்டும். அதை உதறிவிட்டு வந்தவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். நான் கடை நடத்துகிற இடத்திலேயே அந்தத் தனி கிளாஸ் பைக்குள் உட்கார்ந்து தினம் வந்திருக்கிறது, நானும் அதில் நுரை பொங்க ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் அவர் டம்ளரை வைத்தார். நான் அதைத் தொடவில்லை. கடை கிளாஸில் டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்து, இங்கே எல்லோருக்கும் இதுதான் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் யாரும் பக்கத்தைப் புரட்டவும் இல்லை. ஓனர் டம்ளரை எடுத்துப் பைக்குள் போட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "நீ இங்க கடை நடத்தறியா, கட்சி நடத்தறியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சுகாதாரம்

நாலு நாள் கழித்து ஒரு பெட்டி நிறையப் பேப்பர் கப்போடு திரும்பி வந்தார். ஓனரே காசு போட்டு வாங்கியது. ரொம்ப அன்பாகப் பேசினார். காலம் மாறிவிட்டது, எல்லாக் கடையிலும் இப்போது இதுதான், ஜனங்கள் சுகாதாரம் பார்க்கிறார்கள், அவருடைய உறவுக்காரர்கள்கூட இந்தப் பக்கம் வந்தால் டீ குடிக்காமல் போகிறார்கள். அக்ரிமென்ட் இந்த மாசக் கடைசியில் முடிகிறது, பேப்பர் கப் போட்டால் புதுசாக எழுதிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் காலி பண்ண வேண்டியதுதான். நடுவில் கன்னடம் கலந்து ஒரு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" வேறு. கொதிக்கிற வெந்நீரில் மோகன் கிளாஸ்களை முக்கி எடுப்பதைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவசரக்காரர்களுக்குப் பேப்பர் கப் வைத்திருக்கிற கடைகளை நான் குறை சொல்லவில்லை. என் கடையில் அது எதற்காக வருகிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் அன்று சண்டை. கேட்கிறவர்களுக்கு மட்டும் நாலு கப் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்றார் மோகன். மகளுக்கு இன்னும் படிப்பு பாக்கி, என்னால் சாரம் ஏற முடியாது, இந்தக் கடையும் போனால் என்ன செய்வோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த நாலு கப்பில் முதல் கப்பை என் கையால் நீட்டும்போது நான் யாராக இருப்பேன் என்று மட்டும் கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் கடைக்குப் போய் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "கழுவறவன் நானு. எனக்கே கஷ்டம் இல்ல, குடிக்கிறவருக்கு இன்னா கஷ்டம்?" என்றார்.

பூட்டு

மாசம் முடியக்கூட ஓனர் காத்திருக்கவில்லை. காலைக் கூட்டம் போனபின் கடையைச் சாத்திவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு, சாயந்திர வியாபாரத்துக்குத் திரும்பி வருவது எங்கள் வழக்கம். அன்று வந்து பார்த்தால் ஷட்டரில் என் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு. என் பூட்டைவிடப் பெரியது, புத்தம் புதியது. போன் செய்தேன். உன் சாமான் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, காலி பண்ணுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள் என்றார். இன்னும் நாள் இருக்கிறதே என்றேன். போனை வைத்துவிட்டார். ரெண்டே நாளில் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள் என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போனாராம்.

பாய்லர் உள்ளே. ஸ்டவ், பெஞ்சு, பால் கேன், டீத்தூள் எல்லாம் உள்ளே. போலீஸுக்குப் போகலாம் என்றார் மோகன். போகலாம், ஆனால் அதற்குள் ரயில் வந்துவிடும். பூட்டின கடை முன்னால் நான் நிற்பதை அத்தனை பேரும் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. ஷட்டரை ஒட்டியிருந்த கட்டைச் சுவரில் நானும் மோகனும் உட்கார்ந்துவிட்டோம்.

ரயில் வந்தது. முதலில் வந்தவள் திவ்யா. பையிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டே டப்பைத் தேடினாள். டப் உள்ளே இருந்தது. பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கிளாஸை என் பக்கத்தில் சுவர் மேல் வைத்தாள். அடுத்து ஒருவர் வைத்தார். அடுத்து இரண்டு பேர். சாப்பாட்டுப் பையிலிருந்தும், ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும், பேன்ட் பையிலிருந்தும் கிளாஸ்கள் வந்துகொண்டே இருந்தன. சுவர் நெடுக வரிசை கட்டிவிட்டது. ஓனர் யோசித்து யோசித்துப் பூட்டியிருக்கிறார். ஆனால் அவர் பூட்டும்போது என் கிளாஸ்கள் பெங்களூரில் இருந்திருக்கின்றன.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததை மோகன்தான் எல்லோருக்கும் சொன்னார். லோகு கடைசியாக வந்தான். கையிலிருந்த கிளாஸை வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் கேட்டான்: "கிளாஸு வந்துட்ச்சிக்கா. டீ எங்க?"

தள்ளுவண்டி

டீ வந்தது. பாக்கியம்மா வீட்டு ஸ்டவ்வில், பாக்கியம்மா வீட்டுப் பாலில், அந்தக் கட்டைச் சுவர் மேலேயே போட்டேன். மறுநாள் லோகுவும் நாலு பேரும் ஓனரிடம் போய்ப் பேசியதில் பாய்லரும் பெஞ்சும் வெளியே வந்தன. கையெழுத்து நான் போடவில்லை. இஸ்திரி போடுகிறவர் ஒருவரின் பழைய வண்டியை மோகன் பேசி வாங்கி, தன் கையாலேயே பெயின்ட் அடித்தார். எந்த மழையில் எந்தப் பக்கம் ஒழுகும் என்று தெரியாத வண்டி. வியாபாரம் நடக்கிறது. நஷ்டம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கஷ்டம்தான்.

போன வாரம் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வெளியூர்க்காரர் வந்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்த கிளாஸ்களைப் பார்த்துவிட்டு, பேப்பர் கப் இருக்கிறதா என்று கேட்டார். அவர் மனசில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள், சர்க்கரை இல்லாத டீயோடு பக்கத்தில் நின்றிருந்த தங்கராஜண்ணன் பதில் சொல்லிவிட்டார்: "பேப்பர் கப் கெடயாது சார். வூட்லேர்ந்து டம்ளர் கொண்டாந்து இருந்தா அத்தயும் வெளிய எடுக்காதீங்க, அக்காவுக்குக் கோவம் வரும்."

ஓனர் பூட்டிய கடை இன்னும் பூட்டியேதான் கிடக்கிறது. பூட்டே இல்லாத வண்டியில் நிற்கிற எனக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.